பூஜையன்று ஓடிய மெஷின்

என் பிழைப்பு ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அரங்கேற்றம், கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம், எந்த வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வீட்டில் உட்கார்ந்தபடி வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். மயிலாப்பூரில் இந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் வீட்டில் அதைக் கம்ப்யூட்டர் என்று யாரும் சொல்வதில்லை, மெஷின் என்றுதான் சொல்வோம். கிரைண்டரை என்ன மரியாதையோடு பார்ப்போமோ அதே மரியாதைதான் அதற்கும்.

மெஷினோடு எனக்கு எப்போதும் ஒரே சண்டை, சூடு. உள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று செங்கல் அளவுக்கு ஒன்று இருக்கிறது. பெரிய வேலை கொடுத்தால் தோசைக்கல் மாதிரி காயும். காய்ந்தால் முதலில் மந்தமாகும், அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அணைந்தால் நான் காலையிலிருந்து ஓடவிட்ட வேலை அம்போ. சித்திரை மாதத்தில் இப்படி எத்தனை முறை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. வைத்தால் பைத்தியம் பிடிக்கும்.

முதலில் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் போய் யோசனை கேட்டேன். "இன்னா மேடம், சூடு உள்ள கீது, அது வெளிய போவணும், அவ்ளோதானே? அல்லா ஃபேனையும் வெளிய பாத்து திருப்பிடு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. திருப்பினேன். கொஞ்ச நாளில் மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜமுக்காளம் விரித்த மாதிரி தூசி. எங்கள் தெருமுனையில் ரயிலுக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அந்த மண், என் சமையலறையின் தாளிப்புப் புகை, வாசலின் கோலப்பொடி எல்லாம் கலந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. தூசி வரவே கூடாத ஸ்க்ரூ ஓட்டை, பின்பக்கத்து இடுக்கு என்று எல்லா இடத்திலும் மீசை முளைத்திருந்தது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. எல்லா ஃபேனும் வெளியே தள்ளினால் உள்ளே காற்றுக்குப் பற்றாக்குறை வரும். அந்தப் பற்றாக்குறை, கிடைத்த சந்து பொந்து வழியாகவெல்லாம் வெளிக்காற்றை இழுக்கும். சந்தில் ஏது தூசியைத் தடுக்கிற வலை? தூசியோடுதான் வரும். அதனால் தலைகீழாக மாற்றினேன். முன்பக்கத்து ஃபேன்கள் மூன்றும் வலை வழியாக உள்ளே இழுக்கும், பின்பக்கம் ஒன்றே ஒன்று வெளியே தள்ளும். உள்ளே வருவது கூட, வெளியே போவது குறைச்சல். மிஞ்சின காற்று தானாகவே எல்லா இடுக்கு வழியாகவும் பிதுங்கி வெளியேறும், அதை எதிர்த்துத் தூசி உள்ளே நுழைய முடியாது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் கூட்டத்துக்கு எதிரே நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு இடுக்கிலும் காட்ட வேண்டும். புகை உள்ளே இழுபட்டால் தப்பு, விலகிப் போனால் சரி. நான் குனிந்து மெஷினைச் சுற்றி ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் உள்ளே வந்தாள். என் கணவரின் அக்கா, தி.நகர்வாசி. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவள் ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு அசதி.

என் கணவர் கணக்கு வாத்தியார். ஸ்கூல் வேலையை விட்டபின் மந்தைவெளிப் பக்கம் ஒரு மாடியில் டியூஷன் எடுத்தார். அவருக்கு இரண்டு குரல் இருந்தது. டியூஷன் குரல் கடைசி பெஞ்சைத் தாண்டித் தெருவில் இஸ்திரி போடுகிறவருக்கும் கேட்கும். வீட்டுக் குரல் பக்கத்தில் நிற்கிற எனக்கே பாதிதான் கேட்கும். "என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க" என்று கேட்டே என் ஆயுசில் பாதி போச்சு. இருக்கிற குரலையெல்லாம் பசங்களுக்குக் கொடுத்துவிட்டு அடியில் தங்கின வண்டலைத்தான் எனக்குக் கொண்டுவருகிறார் என்று குத்திக்காட்டுவேன். சிரிப்பார், அதுவும் சத்தமில்லாமல்.

போன வருஷம் அந்த டியூஷன் குரல் கரகரத்தது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் அடையாறில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துப் பார்த்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு போய்விடும். மூச்சும் இனிமேல் மூக்கு வழியாக இல்லை, கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்றார். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பரவால்ல, இனிமே நீ என்ன சொன்னீங்கன்னு கேக்க வேண்டாம்" என்றார். அந்த இடத்திலேயே அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

ஒருவர் பேசுவதை நிறையப் பதிவுசெய்து கொடுத்தால் கம்ப்யூட்டர் அந்தக் குரலைப் பழகிக்கொள்ளும், அப்புறம் டைப் செய்வதை அதே குரலில் பேசும் என்று என் சினேகிதி ஒருத்தி சொன்னாள். வெளியே கொடுத்தும் செய்யலாம். அவருக்கு மனசில்லை. "என் குரலை யார் யார்கிட்டயோ குடுத்துட்டு நான் எங்க போய்த் தேடறது" என்றார். நம் மெஷினிலேயே செய்யலாம், என்ன, நாள்கணக்கில் இடைவிடாமல் ஓட வேண்டும். என்னுடைய மெஷின், நான் சூடு பார்த்து வைத்த மெஷின், ஓடும் என்றேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

ஹாலில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்வையில் குளித்தபடி பதிவுசெய்தோம். பேப்பரிலிருந்தும் பழைய பாடப்புத்தகங்களிலிருந்தும் படித்தார். ஆனால் மைக்கை முன்னால் வைத்ததும் டியூஷன் குரல் வந்துவிடும். "மெதுவா, என்கிட்ட பேசற மாதிரி பேசுங்க" என்பேன். சரி என்று தலையாட்டி இரண்டு வரி மெதுவாகப் படிப்பார், மூன்றாவது வரியில் பின்பெஞ்சை அதட்டுவார். பழக்கதோஷம். கடைசியில், இதையே மெஷின் பழகட்டும், வந்ததைக் கேட்டுப் பார்ப்போம், பிறகு ஒரு அரைமணி உட்கார்ந்து வீட்டுக் குரலில் பேசி அதையும் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக் குரலுக்குத் தொண்டை வலிக்காது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் விஜயதசமியன்று மதியம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். மெஷின் சரஸ்வதி பூஜை சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிடும். மறுநாள் காலை கேட்டுவிட்டு, வீட்டுக் குரலைப் பதிந்துவிட்டு, கிளம்பினால் ஆச்சு. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு, பிசகில்லை.

பூஜைக்கு அக்கா வந்தாள். பொரி, கடலை, வாழைக்கன்று, சாமந்திச் சரம் எல்லாம் ஆட்டோ நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததுமே மெஷின் உறுமுவதைக் கேட்டுவிட்டாள்.

"இன்னிக்கு இதை நிறுத்தும்மா."

"நிறுத்த முடியாதுக்கா. அவரோட குரல் உள்ள ஓடிட்டிருக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன். வாக்குக்கு அதிபதி அவ. தம்பி வாக்கு எதுல இருக்கோ அதை அவ காலடியில வைக்காம வேற எங்க வைக்கிறது? வருஷத்துல ஒரு நாள் புஸ்தகத்தையே தொடக் கூடாதுன்னு மூடி வைக்கிறோம், இதை மட்டும் போட்டு அடிக்கறியே."

  என் கணவர்தான் வீட்டுக் குரலில், "ஓடட்டும்க்கா. நாம தொடல. அது தானா ஓடுது. நீ பூஜையைப் பண்ணு" என்றார். அக்கா மறுநாள் புனர்பூஜை முடிகிறவரை யாரும் கை வைக்கக் கூடாது என்ற கட்டோடு ஒத்துக்கொண்டாள்.

நான் சுண்டலுக்குத் தாளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மெஷினுக்குக் கல்யாணக்களை. முன்பக்கத்து வலையில் வரிசையாகச் சந்தனம் குங்குமம். குறுக்கே சாமந்திச் சரம். தலையிலிருந்து முதுகு வரை அக்காவின் பட்டுத்துணி. மூக்கையும் பொத்தி முதுகையும் பொத்தி வைத்தால் அது எப்படி மூச்சு விடும்?

"அக்கா, காத்து போகணும், எடுத்துடுங்க" என்றேன். "ஆரத்தி ஆகட்டும், எடுத்துடறேன்" என்றாள். ஆரத்தி ஆனது, எடுத்தாள். என் கண்ணால் பார்த்தேன், துணியையும் எடுத்தாள், சரத்தையும் தூக்கி ஓரமாக வைத்தாள். எனக்கு நிம்மதி. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பல வாரத்துத் தூக்கம் பாக்கி இருந்தது, கண்ணை மூடினதுதான் தெரியும். எழுந்தபோது தாம்பூலம் வாங்க வந்தவர்கள் ஹாலில் நிறைந்திருந்தார்கள். மெஷின் இருந்த அறைக்கதவை அக்கா சாத்தி வைத்திருந்தாள். தொடக் கூடாது என்று பேச்சு, நானும் திறக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள். மெஷின் மேல் மறுபடியும் பட்டுத்துணி. பூஜையில் வைத்ததைப் புனர்பூஜை வரை வெறுமனே விடக் கூடாது என்று நான் தூங்கினபிறகு போர்த்தியிருக்கிறாள். சரத்தையும் திரும்ப மாட்டியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை தம்பியின் குரல் ராத்திரி முழுக்க அம்மன் மடியில் இருந்தது. நான் துணியை இழுத்துவிட்டு மெஷினின் பக்கத்துத் தகட்டில் கை வைத்தேன். வேலை முடிந்து சும்மா ஓடினாலும் கதகதவென்று இருக்க வேண்டியது ஜில்லென்று இருந்தது. எப்போதோ அணைந்து, எப்போதோ ஆறிப்போயிருந்தது.

எனக்கு வாய் நிற்கவில்லை. என்னென்ன கத்தினேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. உங்க பக்தியும் உங்க பட்டும் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனேன். அக்கா முந்தானையால் மெஷினின் முகத்துச் சந்தனத்தைத் துடைக்கப் பார்த்தாள், அது காய்ந்து வலைக்கண்களில் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. சாமந்தி இதழ்கள் வலையோடு அப்பிக்கொண்டு பிய்க்க வரவில்லை. ஃபேன்கள் அணைகிற நிமிஷம் வரை இழுத்திருக்கின்றன, பாவம்.

உயிர் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நல்ல காலம், மெஷின் நடுநடுவே செய்ததைச் சேமித்து வைத்துக்கொண்டே வந்திருந்தது, செய்ததில் பாதிக்கு மேல் தப்பியிருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அடைத்துக்கொண்டிருக்கும்போது ஓடவிட்டால் மறுபடியும் அணையும். பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்துவிடேன் என்றாள் அக்கா. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். தகட்டைக் கழற்றினால் முன்னாலிருந்து வருகிற காற்று கார்டின் மேல் போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும், தூசி வேறு நேராக வந்து குந்தும். அதை நான் விளக்கவில்லை, கத்தினேன். வலைகளைக் கழற்றி அக்காவிடம் எறிந்தேன், பாத்ரூமில் உட்கார்ந்து பல்துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நான் மெஷினைப் படுக்கப்போட்டு உள்ளே பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். புடவை, கை, முகம் எல்லாம் கருப்பு. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, விடு, விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வலை காய்ந்து, மூடி, மெஷின் திரும்ப உறும ஆரம்பித்தபோது வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. அக்காவை மெஷினுக்குக் காவல் வைத்துவிட்டுக் கிளம்பினோம். அவள் பச்சைத்தண்ணீர் குடித்தாளோ இல்லையோ, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். போன் பண்ணி, "சூடா இருக்கும்மா, சூடாத்தான் இருக்கு" என்பாள். ஆபரேஷன் அன்றைக்கு மெஷின் வேலையை முடித்தது.

பிறகு ஆஸ்பத்திரி. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. கழுத்தில் துளை, துளையின் மேல் வலைத் துணி. தூசி, புகை அண்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது சுத்தம் செய்வது என்று நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கா சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின் போனில் அந்தக் குரலைப் போட்டுக் கொடுத்தேன். டைப் செய்து தட்டினால் பேசும். அப்போதும் நான் அக்காவிடம் முகம் கொடுக்கவில்லை. கஞ்சி எங்கே, மருந்து எங்கே என்பதோடு சரி. அவர் போனை வாங்கினார், யோசித்தார், தட்டினார்.

"அக்காகிட்ட பேசு" என்றது போன்.

அவர் குரலேதான், அப்பட்டமாக அவர் குரல். ஆனால் டியூஷன் குரல். எல்லாரும் நோட்டை எடுங்கள் என்கிற அதட்டல். பால் காய்ச்சிக்கொண்டிருந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள், தம்பியின் குரலைக் கேட்டு வாசற்படியிலேயே அழுதாள். நான், "சாப்டீங்களாக்கா" என்றேன். வேறென்ன செய்வது, வாத்தியார் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் அதட்டல்தான். கொஞ்சம் மோர் குடு என்பதும் அதட்டல். கால் வலிக்குதா என்று என்னைக் கேட்பதும் அதட்டல். ஒரு நாள், நீ ரொம்பக் களைச்சுட்டே, கொஞ்சம் படு என்று தட்டினார். பரீட்சையில் தவறினவளைப் பார்த்துச் சொல்வது போல வந்தது. அவருக்கே தாங்கவில்லை, சிரித்தார், காற்று மட்டும் கழுத்துத் துணியை அசைத்தது.

அன்றைக்குப் பதியாமலே விட்டுப்போன வீட்டுக் குரலை எங்கிருந்தாவது எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று தேட ஆரம்பித்தேன். கொஞ்சம் கிடைத்தால் போதும், மெஷினுக்கு ஒரு துளி இருந்தால் மிச்சத்தைப் பழகிக்கொள்ளும். போனில் பார்த்தேன். அவர் பேசி அனுப்புகிறவர் இல்லை, "வரேன்", "வாங்கிட்டேன்" என்று எழுதி அனுப்புகிறவர். ஊரார் வீட்டு விசேஷமெல்லாம் என்னிடம் வருஷவாரியாக இருக்கிறது. எங்கள் வீட்டு வீடியோ என்று இருந்தவற்றில் அவர்தான் கேமராவைப் பிடித்திருக்கிறார், பேசுவதெல்லாம் நான்தான். ஒன்றில் பின்னாலிருந்து ஏதோ சொல்கிறார். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அது என்னவென்று கேட்கவில்லை. அதில் நான் திரும்பி, "என்ன சொன்னீங்க?" என்கிறேன்.

அப்போதுதான் அந்த விஜயதசமிக் காலை ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பேசின அளவுக்கு அவர் என்னிடம் ஒருநாளும் பேசினதே கிடையாது. நான் கத்தக் கத்த, பக்கத்தில் உட்கார்ந்து, விடும்மா, போனா போகட்டும், அக்காவை ஒண்ணும் சொல்லாத, எனக்காகத்தானே பண்ணா, மூஞ்சியெல்லாம் கரி பாரு, கொஞ்சம் தண்ணி குடி, எனக்குப் பயமா இல்ல, நீ பயப்படாத என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் வீட்டுக் குரலில். அரைமணி என்ன, அதற்கு மேலேயே பேசியிருப்பார். என் போன் பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே இருட்டாக இருக்கிறது என்று அதில் டார்ச்சைப் போட்டு, ஃபேனுக்குள் வெளிச்சம் காட்டச் சொல்லி, நான்தான் அவர் கையில் கொடுத்திருந்தேன்.